கந்தலும் ஊசியும்: ஒட்டுத்தையலுக்கு ஒரு வரலாறு



இந்த நினைவுச் சொற்பொழிவு யார் பெயரில் நடக்கிறது என்பது அழைப்பிதழில் இருக்கிறது. எனக்கு அவர் அக்கா. கோடம்பாக்கத்தில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அவர் அக்காதான். பகலில் பிளவுஸ் தைப்பார், சேலைக்கு ஃபால்ஸ் வைப்பார். இரவில் எழுதுவார். நம் அமைப்பின் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டே கேட்பார். அவருடைய கவிதைகளைப் பற்றித்தான் பேசுவதாக இருந்தேன். அவர் போன பிறகு அவர் வீட்டில் இருந்த துணி மூட்டையைப் பிரித்துப் பார்த்ததில் பேச்சு மாறிவிட்டது. இன்று துணியைப் பற்றிப் பேசப்போகிறேன். இலக்கிய அரங்கில் தையல் எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலிருந்து தொடங்குகிறேன். தண்ணீர் வடிந்ததும் நகரத்தின் ஈரம் இல்லாத பகுதிகளிலிருந்து நிவாரணம் வந்தது. அரிசி, பாய், பால் பவுடர், கூடவே பழைய துணி. வேன் வேனாக வந்த பழைய துணி. ஜிப் போன பேண்ட், கிழிந்த நைட்டி, ஒற்றைக் கை பிய்ந்த சட்டை. ஒரு மூட்டையில் கல்யாண மண்டபத்து மேசைவிரிப்புகூட இருந்தது, குழம்புக் கறையோடு. நல்ல துணியும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தெருவோரம் குவிந்து கிடந்து மக்கியது பெரும்பாலும் மனிதர் உடுத்த முடியாத துணி. எங்கள் பெண்கள் அதைத் தொடவில்லை. மாநகராட்சி குப்பை வண்டியில் அதை அள்ளிப் போட்டதும் எங்கள் ஆட்கள்தான்.

அந்தக் குவியலில் இருந்து அக்கா ஒரு மூட்டையை எடுத்து வந்தார். அலசி, வெயிலில் போட்டு, கத்தரித்துச் சதுரங்களாக அடுக்கினார். ஒட்டுத்துணியில் பெரிய விரிப்பு தைக்கலாம், குயில்ட் என்று சொல்கிறார்கள், நல்ல விலைக்குப் போகிறது என்றார். பதினான்கு பெண்கள் சேர்ந்தார்கள். எங்கள் வாயில் அது ‘குயிலு’ ஆனது. ‘குயிலு எவ்ளோ தூரம்கா வந்துச்சு?’ என்று கேட்பார்கள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே சண்டை. எண்பதை நெருங்கிய ஒரு ஆயா, செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்ன வயதில் இங்கே வந்தவர், வாசலில் நின்றபடி கேட்டார்: ‘கந்தல கட்னு கெடந்தது பத்தாதா? அத இப்போ கட்டில்ல வேற விரிக்கணுமா?’ அக்கா ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். ஆயா கேட்கவில்லை. ‘ஆண்டை வூட்ல குடுத்த பழசுக்கு ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு எங்கம்மா வெரல்ல ரத்தம் வந்துச்சு. நீ அத அழகுன்ற’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று தையல் நடக்கவில்லை. பெண்கள் துணியை மடித்து வைத்துவிட்டு டீ குடித்துக் கலைந்தார்கள். சமூகவியலில் முதுகலை படித்த எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த உரை அந்தத் தேடலின் கணக்கு.

ஊசி எங்களுக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 82-ஆம் பாட்டு சாத்தந்தையார் பாடியது. ஒரு சோழன் களத்தில் போரிடும் வேகத்தைச் சொல்ல அவருக்கு ஓர் உவமை வேண்டியிருக்கிறது. ஊரில் திருவிழா நெருங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி. மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒருவன் கட்டிலுக்கு வார் இழுத்துத் தைக்கிறான். அவன் கையில் உள்ள ஊசி எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அவ்வளவு விரைவு அரசனின் போர். அந்தத் தொழிலாளியைப் புலவர் இழிசினன் என்று குறிக்கிறார். வகுப்பறையில் இந்தப் பாட்டை உவமை நயத்துக்காக நடத்தினார்கள். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை விட்டுவிட்டு, யாரோ படுக்கும் கட்டிலை அவன் ஏன் அந்த நேரத்தில் முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அரசனுக்கு அவன் ஊசியின் வேகம் கிடைத்தது. அவனுடைய குழந்தை என்ன ஆனது என்று பாட்டில் இல்லை.

சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞர்களை வரிசையாகச் சொல்லும்போது துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. பின்னால் வந்த நூற்றாண்டுகளில் இவ்விருவருக்கும் இடையில் எவ்வளவு பெரிய சுவர் எழுந்தது என்பது நமக்குத் தெரியும். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதித் தொகுப்பு, மதுரை, திருநெல்வேலிப் பகுதிப் பாணர்களைத் தையற்காரர்கள் என்று பதிவு செய்கிறது. யாழ் மீட்டியவர்களின் பெயரைச் சுமந்த சாதி ஊசி பிடித்தது. இன்று அது பட்டியல் சாதி. இதைத் தனியே ஒருவர் ஆராய வேண்டும். இங்கே படிக்கும் மாணவர்கள் யாராவது செய்யட்டும்.

தைத்துக் கொடுத்தோம் சரி, தைத்ததை உடுத்த விட்டார்களா? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் அவற்றைத் தன் நூலில் பட்டியலிட்டிருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக்கூடாது. நகை, குடை, செருப்பு, பூ, கிராப்பு, மண்பாண்டம் தவிர்த்த பாத்திரம் எல்லாவற்றுக்கும் தடை. மக்கள் பணியவில்லை. 1931-இல் எட்டு பதினொன்றானது. குடிசைகள் எரிந்தன.

இந்தப் பட்டியலைக் கவனமாகப் படித்தால் தையல் போட்ட துணி எதுவுமே எங்கள் உடம்பில் இருக்கக்கூடாது என்பது புரியும். சட்டை, பனியன், ரவிக்கை மூன்றும் கத்தரித்துத் தைத்தவை. எங்கள் துணியில் அனுமதிக்கப்பட்ட ஒரே தையல் கிழிசலுக்குப் போடும் ஒட்டு. கூலியோடு சேர்த்தோ கூலிக்குப் பதிலாகவோ ஆண்டை கொடுத்த பழைய துணி, அதில் ஒட்டு, அந்த ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டு. ஆயா சொன்னது இதைத்தான். வெள்ள நிவாரண மூட்டை அவருக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

1927 டிசம்பரில் மகாடில் மனுஸ்மிருதியைக் கொளுத்திய மாநாட்டில் அண்ணல் பெண்களிடம் தனியாகப் பேசினார். சேலையை முழங்காலுக்கு மேலே கட்டும் வழக்கத்தை விடுங்கள், மற்றப் பெண்களைப் போலக் கணுக்கால்வரை கட்டுங்கள், சாதியைக் காட்டிக்கொடுக்கும் கனத்த வெள்ளி நகைகளைக் கழற்றுங்கள் என்றார். கேட்ட பெண்கள் அங்கேயே கட்டை மாற்றினார்கள் என்று வரலாறு சொல்கிறது. கோட்டு சூட்டில் நிற்கும் அம்பேத்கர் சிலையைக் கண்டு எரிச்சல்படுகிறவர்களுக்கு எரிவது அந்தக் கோட்டில் உள்ள தையல்தான்.

தெற்கே போகலாம். தமிழ்ப் பெண்கள் கூட்டாகக் கைவேலை செய்த பழைய பதிவுகளில் முக்கியமானது நாகர்கோவிலில் இருக்கிறது. அதன் தொடக்கம் மயிலாடி. சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கம் அழைத்துத்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தொபே 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். கிறித்துவம் அங்கே வெள்ளைக்காரர் கொண்டுவந்து கொட்டியது என்று சொல்வோர் இந்த அழைப்பை மறந்துவிடுவார்கள். 1818-இல் சார்லஸ் மீட் வந்தார், அடுத்த ஆண்டு சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் வந்தார்கள். மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி நடத்தினார். 1820களின் தொடக்கத்தில் அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். மெத்தை போன்ற திண்டில் மாதிரித் தாளை வைத்து, அதன்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. ஒரு விரலகலப் பட்டை நீள்வதற்கே மணிக்கணக்காகும்.

அந்தப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் அடிமைகளும் இருந்தார்கள். உருவகமாகச் சொல்லவில்லை, விலைக்கு விற்கவும் வாங்கவும் பட்ட அடிமைகள். பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறைக்கு எதிரான சட்டம் 1843-இல் வந்தது, திருவிதாங்கூரில் 1855 ஆனது. அதற்கு முன்பே நாகர்கோவில் பள்ளியில் சில பெண் பிள்ளைகள் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கினார்கள். நம் பாடப்புத்தகங்களில் இது இல்லை. எந்தப் பிள்ளை, எந்த ஊர், எத்தனை முழம் லேஸுக்கு ஒரு மனுஷி என்ற கணக்கு எதுவும் நம் கைக்கு வரவில்லை. லேஸ் கண்காட்சிகளுக்குப் போனது. பின்னிய விரல்களின் பெயர் போகவில்லை.

அதே காலத்தில், அதே பகுதியில்தான் தோள்சீலைப் போராட்டம். மிஷனரிகளின் மனைவிமார் மதம் மாறிய பெண்களுக்காகத் தளர்வான ஒரு குப்பாயத்தை வடிவமைத்தார்கள். தையல் கற்ற பெண்கள் அதைத் தைத்தார்கள். அதைப் போட்டுச் சந்தைக்குப் போனவர்களின் துணி கிழிக்கப்பட்டது. 1822, 1828, 1858 என்று கலவரங்கள். 1829 பிரகடனம் குப்பாயம் வரை விட்டு மேல்சீலையைத் தடுத்தது. 1859 ஜூலை பிரகடனம் நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றது. மறைக்கும் துணி முரட்டுத் துணியாக இருக்கட்டும் என்றும் அதில் வருகிறது. அரசாங்கமே துணியின் தரத்தை நிர்ணயித்தது. அந்தப் பிரகடனம் புலையர், சாம்பவர் பெண்களைப் பற்றிப் பேசவில்லை. அவர்களுக்கான போர் 1915-இல் பெரிநாட்டில் அய்யன்காளி காலத்தில் நடந்தது. கல்லுமாலையை அறுத்தெறிந்து ரவிக்கை போட்டார்கள். தோள்சீலைப் போராட்டத்தைப் பேசும்போது இந்த 56 ஆண்டு இடைவெளியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி. கூட்டணித் தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

நாகர்கோவிலை நான் ஒரேயடியாகக் கொண்டாடவில்லை. அந்தப் பள்ளிகளில் தையலோடு அடக்கமும் கற்றுக்கொடுத்தார்கள். குனிந்த தலை, சுத்தமான விரல், வீட்டுக்குள் வருமானம். நல்ல கிறித்துவ மனைவியின் இலக்கணமாகவும் ஊசி இருந்தது. இன்னொன்றும் உண்டு. சார்லஸ் மீட் 1850களின் தொடக்கத்தில் பறையர் குலத்தில் பிறந்த லோயிஸ் என்ற பெண்ணை மணந்தபோது மிஷன் வட்டாரமே அதிர்ந்தது. அவர் மிஷனை விட்டு விலக வேண்டியிருந்தது. கற்பிக்கலாம், தைக்க வைக்கலாம், மணந்துகொள்ளத்தான் கூடாது.

ஒரு வேலைக்கு மதிப்புக் கூடியதும் அது யார் கைக்குப் போகிறது என்பதற்கு ஆந்திரத்து நரசாபூர் சாட்சி. மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். மிஷனரிகள் அங்கே லேஸ் பின்னலை முதலில் கற்றுக்கொடுத்தது மதம் மாறிய மாலா, மாதிகா பெண்களுக்கு. ஏற்றுமதி பெருகியதும் அது காப்பு சாதிப் பெண்களின் வேலையானது. வீட்டை விட்டு வெளியே போகாத கௌரவமான பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் பொழுதுபோக்கு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஓய்வு நேரம் என்று பெயர் வைத்ததால் கூலி மிகக் குறைவு. வியாபாரம் ஆண்கள் கையில். தலித் பெண்கள் வயலுக்குத் திரும்பினார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து தைப்பவள் தொழிலாளி ஆகமாட்டாள், இல்லத்தரசிதான் என்ற ஏற்பாடு உலக முதலாளியத்துக்கு எவ்வளவு வசதி என்பதைத்தான் மீஸ் அந்த ஊரை வைத்துக் காட்டினார்.

நம்மிடம் இருக்கும் ஏற்பாட்டுக்கு ஒரு தலித் தலைவரின் பெயரே இருக்கிறது. தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கும் கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கும் திட்டம் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் நடக்கிறது. எங்கள் தெருவில் அந்த இயந்திரம் உண்டு. அக்காவின் இயந்திரமும் அதுதான். ஆனால் சத்தியவாணி முத்து யார் என்று தெருவில் கேட்டுப் பாருங்கள். மெஷின் பெயர் என்பார்கள்.

1957-இல் பெரம்பூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர். 1967-இல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்றவர். தாழ்த்தப்பட்டோருக்கு உரியது கிடைக்கவில்லை என்று 1974-இல் தி.மு.க.வை விட்டு வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கியவர். பின்னால் அதை அ.தி.மு.க.வோடு இணைத்து, 1979-இல் சரண்சிங் அமைச்சரவையில் ஒன்றிய அமைச்சரானவர். ஆளும் கட்சியில் அமைச்சராக இருந்துகொண்டே அந்தக் கட்சியின் சாதியைக் கேள்வி கேட்ட ஒரு பெண்ணை நினைவுகூர அரசுக்குக் கிடைத்தது தையல் இயந்திரம். எனக்கு இதில் கசப்பு உண்டு. அக்காவுக்கு இல்லை. ‘எம்மா பாத்திரம் தேய்க்கப் போன வூட்ல பின்வாசல்தான். மெஷின் வந்தப்புறம் அந்த வூட்டம்மா அளவு பிளவுஸ் எடுத்துக்கினு என் வாசல்ல வந்து நின்னாங்க’ என்றார். செயல்பாட்டாளர்களாகிய நாம் தையல் மெஷினை எளிதாகக் கேலி செய்துவிடுகிறோம். வாசல் மாறியதை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

கூலியைப் பொறுத்தவரை மீஸ் சொன்னது அப்படியே எங்கள் தெருவில் நடக்கிறது. தியாகராய நகர்க் கடைகளுக்கும் பொட்டிக்குகளுக்கும் தைக்கும் மாஸ்டர்களிடமிருந்து வெட்டி மிஷின் அடித்த பிளவுஸ் கட்டாக வரும். ஹெம்மிங், கொக்கி, காஜா, முந்தானைக் குஞ்சம், இப்போது ஆரி. கைவேலை முழுக்க வீட்டுக்கு வந்துவிடும். பீஸ் கணக்கு. கண் மங்கியதும் வேலை நின்றுவிடும். ஆயிரக்கணக்கில் விற்கும் கல்யாண பிளவுஸில் கை தைத்தவளின் பங்கு ஆட்டோ காசுக்குக்கூடக் காணாது.

கோடம்பாக்கம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 1948-இல் ஏவி.எம். இங்கே வந்ததிலிருந்து, அதற்கு முன்னும் பின்னும் எழுந்த ஸ்டூடியோக்களோடு, இந்தப் பகுதியில் காஸ்ட்யூமர்களுக்கும் அவர்களிடம் வேலை செய்யும் தையல் ஆட்களுக்கும் ஒரு தனி உலகம் உருவானது. எங்கள் குழுவில் ஒருவருடைய நைனா அந்த வேலையில் இருந்தவர். கதாநாயகன் ஏழையாக வரும் காட்சிக்குக் கடையிலிருந்து புதுச் சட்டை வரும். அதை டீ டிகாஷனில் ஊறப்போட்டு, காலரை உப்புத்தாளில் தேய்த்து, முழங்கையில் கிழித்து, கிழித்த இடத்தில் வேறு நிறத்தில் ஒட்டுப் போட வேண்டும். ஒட்டு கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தையலைப் பெரிசு பெரிசாகப் போடச் சொல்வார்களாம். வீட்டில் அவர் மகளின் பாவாடையில் இருந்த ஒட்டு வெளியே தெரியாதபடி நுணுக்கித் தைத்ததாம். ஒரே கை, இரண்டு தையல்.

இப்போது குயில்டுக்கு வருகிறேன். மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும்படி நெருக்கமாக ஓடும் கைத்தையல். நம் வெயிலுக்குப் பஞ்சு ஆகாது என்று நடுவில் பழைய நூல் சேலையை மடித்து வைத்தோம். சென்னையில் வசதியான பெண்களிடையே இது நல்ல கைவினையாக வளர்ந்திருக்கிறது. 2019-இல் இந்திய அளவிலான குயில்ட் விழாவே இங்கே நடந்தது. அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அங்கே புதுத் துணியை வாங்கி, வெட்டி, ஒட்டுகிறார்கள். ஆயாவின் அம்மா கிழிந்ததால் ஒட்டினார்.

கிழிந்ததால் ஒட்டியவர்கள் உலகில் வேறு எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று தேடியபோது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் கிடைத்தது. ஆறு மூன்று பக்கமும் வளைத்த நிலம். ஒரு காலத்தில் பருத்திப் பண்ணை. அங்கே வாழும் கறுப்பின மக்களில் பலர் இன்றும் பெட்வே என்ற குடும்பப்பெயரைச் சுமக்கிறார்கள், அது அவர்களின் மூதாதையரை அடிமையாக வைத்திருந்த பண்ணை முதலாளியின் பெயர். 1932-இல் கடன்காரக் குடும்பம் ஒன்று வந்து ஏர், மாடு, கோழி, தானியம் என்று எல்லாவற்றையும் அள்ளிப்போனது. குளிருக்கு விரிக்கப் பழைய வேலைத்துணியைத் தவிர வேறில்லை. பெண்கள் அதைக் கிழித்து விரிப்பு தைத்தார்கள். 1942-இல் மிசௌரி பெட்வே இறந்துபோன கணவனின் வேலைத்துணிகளைப் பிரித்து ஒரு குயில்ட் தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும் அவர் துணியைப் போர்த்திக் கதகதப்பாக இருக்கவும் அப்படிச் செய்தார் என்று கூட இருந்து உதவிய மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொன்னார். முழங்கால் தேய்ந்த இடம் வெளிறி, பாக்கெட் இருந்த இடம் கருநீலமாக அதில் தெரிகிறது. படத்தில்தான் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன்.

1960களில் அந்த மக்கள் வாக்குரிமை கேட்டார்கள். நகரத்துக்குப் போகும் படகுப் போக்குவரத்து 1962-இல் நிறுத்தப்பட்டது. வாக்காளராகப் பதிந்தவர்கள் நிலத்திலிருந்தும் வேலையிலிருந்தும் துரத்தப்பட்டார்கள். 1966-இல் அந்த வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். வெள்ளையரின் வயலையும் அடுப்படியையும் விட்டால் முதல்முறையாகச் சொந்தக் கூலி. பெரிய கடைக்கு ஒப்பந்தத்தில் தலையணை உறை தைத்தார்கள். அதில் வருமானம் வந்தது, ஆனால் ஒரே மாதிரி தைக்க வேண்டியிருந்தது, கையின் கற்பனைக்கு அங்கே வேலை இல்லை. 2002-இல் அந்தக் குயில்ட்டுகள் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் நவீன ஓவியங்களைப் போலத் தொங்கின. 2006-இல் தபால்தலை வந்தது. படகும் அந்த ஆண்டுதான் திரும்ப வந்தது, 44 ஆண்டு கழித்து. 2007-இல் அந்த ஊர்ப் பெண்கள் சிலர், தங்கள் வேலையை வைத்துச் சம்பாதித்ததில் தங்களுக்கு உரியது வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. கலை என்று அழைத்துவிட்டால் கூலிக் கேள்வி தீர்ந்துபோகும் என்று நினைக்கும் இலக்கியவாதிகள் இந்த வழக்கை நினைவில் வைக்கலாம். நான் உட்பட.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னடக் காடுகளில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் பெண்கள் பழைய துணியில் கவண்டி தைக்கிறார்கள். ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும் தையல். நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துணியை வைத்து முடிக்கிறார்கள். அதற்குப் பூ என்று பெயர். பூ வைக்காத கவண்டி அம்மணமானது என்பார்களாம். கந்தலிலும் அம்மணம், உடுப்பு என்று பார்க்கிற அந்தக் கண் எனக்கு ஆயாவை நினைவூட்டியது.

ஜீஸ் பெண்ட் கதையை அக்கா குழுவில் சொன்னார். ஆயாவையும் கூட்டிவந்து உட்கார வைத்தார். ஆயா முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: ‘அது அவ புருசன் துணிதானே? ஆண்டை துணி இல்லியே?’

அன்று முடிவானது. நிவாரணத் துணி வேண்டாம். வெட்டிய சதுரங்களை மெக்கானிக் ஷெட்டுக்குக் கொடுத்துவிட்டோம், கை துடைக்க ஆகும். இனி எங்கள் துணி மட்டும். ஒவ்வொருவரும் ஒரு துணி கொண்டுவர வேண்டும், அது யாருடையது என்று சொல்ல வேண்டும். அக்கா நோட்டில் எழுதினார். முதல் குழந்தையைப் போட்ட ஏணைச் சேலை. மகள் கல்லூரிக்குப் போட்டுப்போன முதல் சுடிதாரின் துப்பட்டா. சேலைக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவரின் யூனிஃபார்ம். பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம் ஒன்று இடித்த வீட்டின் ஜன்னல் திரையைக் கொடுத்துவிட்டுப் போனது. கடைசியாக ஒருத்தி காக்கிச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரர் சாக்கடைக் குழிக்குள் இறங்கித் திரும்பாதவர். 2014-இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் இழப்பீடு என்றது, 2023-இல் முப்பது லட்சமாக்கியது. அவள் முதல் தொகையை வாங்கவே நான்கு வருடம் அலைந்தாள். சட்டை அவர் அன்று கழற்றி வைத்துவிட்டு இறங்கியது. அதை வெட்டக் கத்தரி எடுக்க யாருக்கும் கை வரவில்லை. ஆயாதான் வாங்கித் தையலைப் பிரித்தார். வெட்டவில்லை, பிரித்தார். ஒரு பிற்பகல் முழுக்க.

அதிலிருந்து ஆயா ஞாயிறுதோறும் வந்தார்.

பாதி முடிந்த நிலையில் ஒரு பொட்டிக்காரர் வந்து பார்த்தார். நல்ல விலை சொன்னார், எங்களில் யாரும் கைநிறையப் பார்க்காத தொகை. இரண்டு நிபந்தனைகள். விரிப்பில் அவர்களுடைய லேபிள். கூடவே ஒவ்வொரு துணியின் கதையும் ஓர் அட்டையில் அச்சடித்து வேண்டும், ஆனால் சாதியும் சாக்கடையும் இல்லாமல், கொஞ்சம் ‘பாசிடிவ்’வாக. குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. விற்கலாம் என்று ஐந்து பேர் கை தூக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு இல்லை, அதில் இரண்டு பேருக்கு அந்த மாதம் வாடகை பாக்கி. ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். அக்கா வேண்டாம் என்று கை தூக்கிவிட்டு, அந்த இரண்டு பேரின் வாடகைக்குத் தன் மெஷினை அடகு வைத்தார். அதை மீட்க எட்டு மாதம் ஆனது. ஆர்டர் பிளவுஸ்களையெல்லாம் அந்த எட்டு மாதமும் கையால் தைத்தார். அந்தக் காலத்தில் எழுதிய கவிதைகள்தான் உங்கள் கையில் இருக்கும் தொகுப்பில் பாதி.

ஆயா போன ஆண்டு போனார், அக்கா இந்த ஆண்டு. விரிப்பு இன்னும் முடியவில்லை. இதோ மேசைமேல் இருக்கிறது, பேச்சு முடிந்ததும் வந்து பாருங்கள், தொட்டும் பார்க்கலாம். மேல் துணி முழுக்கச் சேர்ந்துவிட்டது. அடுக்குகளைப் பிடிக்கும் கைத்தையல் நடுவில் நின்றுபோயிருக்கிறது. அக்கா கடைசியாகக் குத்திய ஊசி காக்கிச் சதுரத்தின் ஓரத்தில் நூலோடு அப்படியே இருக்கிறது, அதை மட்டும் இழுத்துவிடாதீர்கள். நான்கு மூலைக்கும் சித்திப் பெண்களைப் போலப் பூ வைப்பதா என்று குழுவில் இன்னும் பேச்சு நடக்கிறது. இரண்டு மூலைக்கு அக்காவின் சேலையும் ஆயாவின் சேலையும் என்று முடிவாகியிருக்கிறது. மற்ற இரண்டு மூலைகள் காலி. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு உட்காருகிறோம். வருகிறவர்கள் ஒரு துணி கொண்டுவாருங்கள். யாருடையது என்று சொல்ல வேண்டும், நோட்டில் எழுதிக்கொள்வோம்.